கம்பி நீட்டாத கட்டடம்: ஹார்வர்டு ஸ்டேடியத்தில் ஒரு சனிக்கிழமை

முதலில் இருக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதுகு சாய்க்க எதுவும் கிடையாது. கான்கிரீட் படி, அதன் மேல் நாம், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் பாஸ்டன் குளிரில் அந்தப் படி மார்கழி அதிகாலையில் கொல்லைப்புறத்தில் கிடக்கும் அம்மிக்கல்லைப் போல இருக்கும். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைப்பதற்காக 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, அப்போது என் ஓய்வூதியத்திலிருந்து நானும் ஒரு சிறு தொகை அனுப்பியிருந்தேன். "அதற்கு ஹார்வர்டு எனக்குத் திருப்பிக் கொடுத்த இருக்கை இதுதான்" என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் குளிர்ந்துகொண்டிருந்தது.

நான் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கக் கால்பந்து எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருக்கவில்லை. பேரனுக்காக மாப்பிள்ளை டிக்கெட் எடுத்தார். "மாமா, 1903இல் கட்டிய கான்கிரீட் ஸ்டேடியம்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதும் நான் கோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஆகவே இதை ஆட்டத்தின் விமர்சனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டடத்தைப் பார்க்கப் போன ஒருவன் எழுதுவது இது.

போவது எளிது. ரெட் லைன் ரயிலில் ஹார்வர்டு நிலையத்தில் இறங்கி, ஜான் எஃப். கென்னடி தெரு வழியாக நேரே நடந்தால் சார்லஸ் ஆறு வரும். ஆண்டர்சன் பாலத்தைக் கடந்து இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் வலப்பக்கத்தில் வளைவுகள் தெரியும். பெயர்தான் ஹார்வர்டு, அரங்கம் இருப்பது கேம்பிரிட்ஜில் அல்ல, ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாஸ்டன் நகர எல்லைக்குள் ஆல்ஸ்டன் பகுதியில். மெதுவாக நடப்பவர்களுக்கு இருபது நிமிடம். என் மனைவிக்கு மூட்டுவலி. அவளோடு அரை மணி நேரம் ஆயிற்று. ஆட்ட நாளில் காரை எடுத்துப் போக நினைக்காதீர்கள்.

பாலத்திலிருந்து பார்த்தபோது ரோமாபுரியில் எதையோ பெயர்த்துக்கொண்டுவந்து வைத்தது போல் இருந்தது. கிட்டே போனதும் நான் செய்த முதல் காரியம் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்ததுதான். தொழில் புத்தி. மேல்பூச்சு கிடையாது. மழையும் பனியும் சிமென்ட் பாலைத் தின்றுவிட்ட இடங்களில் ஜல்லி வெளியே தெரிகிறது. விரலால் தடவினால் உருண்டைக் கற்கள் கடலைமிட்டாயில் கடலை நிற்பது போல் நிற்கின்றன. அங்கங்கே ஒட்டுப்போட்ட இடங்கள் வேறு நிறத்தில் தெரிகின்றன. ஆனால் தூண் தூக்குநூல் பிடித்தாற்போல நேராக நிற்கிறது. எத்தனையோ கட்டடங்களுக்குக் கலவையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். என் காலத்தில் கட்டிய சிலவற்றை நானே இடிக்கப் பரிந்துரைத்தும் இருக்கிறேன். 120 ஆண்டு உறைபனியைத் தாங்கிய ஒரு தூணுக்கு முன்னால் நிற்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இதன் கதையை மாப்பிள்ளை பாதி சொன்னார். மீதியை இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன்.

இந்த நிலத்துக்கு 'சோல்ஜர்ஸ் ஃபீல்டு' என்று பெயர். 1890இல் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்ற செல்வந்தர், உள்நாட்டுப் போரில் மாண்ட தன் ஆறு நண்பர்களின் நினைவாகக் கல்லூரிக்குக் கொடுத்தது. முதலில் மரத்தாலான காலரிகள்தான். பல்லாயிரம் பேர் மரப் பலகைமீது உட்கார்ந்திருக்க, ஒரு சுருட்டு நெருப்பு விழுந்தால் என்ன ஆகும் என்ற கவலை எப்போதும் இருந்தது. 1879ஆம் ஆண்டு படித்து முடித்த வகுப்பினர் தங்கள் இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவுக்காக ஒரு லட்சம் டாலர் தர முன்வந்தார்கள். மொத்தச் செலவு சுமார் 3,10,000 டாலர் ஆயிற்று. ஐரா ஹாலிஸ் என்ற பேராசிரியர் முன்னின்றார். லூயிஸ் ஜான்சன் என்ற கட்டடப் பொறியியல் பேராசிரியர் கணக்குப் போட்டார். தோற்றத்துக்கு சார்லஸ் மெக்கிம் என்ற புகழ்பெற்ற கட்டடக்கலைஞர். ஏதென்ஸில் பழைய பளிங்கு அரங்கு இருக்கிறதல்லவா, அதைப் போலக் குதிரை லாட வடிவம்.

1903 என்பதை நினைவில் வையுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டை யாரும் முழுதாக நம்பாத காலம். ஓஹியோ மாநிலத்து சின்சினாட்டியில் உலகின் முதல் கான்கிரீட் வானளாவி எழுந்ததும் அதே ஆண்டில்தான். சென்ட்ரிங் பிரித்ததும் அது சரிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நம் ஊரில் அப்போது கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சூழ்நிலையில் இவ்வளவு பெரிய திறந்தவெளி அரங்கை நாலரை மாதத்தில் எழுப்பியிருக்கிறார்கள். இருக்கைப் பலகைகளைத் தனியாக வார்த்து, இறுகிய பிறகு தூக்கிவந்து பொருத்தும் முறை. இன்று 'ப்ரீகாஸ்ட்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதுவேதான். 1903 நவம்பர் 14இல் முதல் ஆட்டம். திறப்பு விழாவுக்கு வந்த டார்ட்மவுத் கல்லூரி 11–0 என்று ஹார்வர்டைத் தோற்கடித்துவிட்டுப் போனது. வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் பொங்குவதற்குப் பதிலாகத் திரிந்த மாதிரி.

இப்போது கம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் யாரும் வீட்டை முடிப்பதில்லை. தரைத்தளம் கட்டி, மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் தூண் கம்பிகளை நீட்டி விட்டுவிடுகிறோம். நாளைக்கு மகன் சம்பாதித்து மேலே கட்டுவான் என்று ஒரு நம்பிக்கை. திருச்சியில் என் வீட்டு மாடியில் அப்படி நீட்டிய கம்பிகள் முப்பது வருடமாகத் துருப்பிடித்து நிற்கின்றன. என் மனைவி அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறாள். அலுவலகத்திலும் அப்படியே. எந்தப் பாலத்துக்கு வரைபடம் போட்டாலும் எதிர்கால விரிவாக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்பதே மேலதிகாரியின் முதல் கேள்வி. (ஒப்பந்தக்காரர்கள் கம்பி நீட்டுவது வேறு வகை. அதை இன்னொரு நாள் எழுதலாம்.)

ஹார்வர்டில் அகலத்துக்கு அந்த யோசனையே இல்லை. ஆடுகளத்தின் அகலம் 160 அடி. அதை ஒட்டிக் கான்கிரீட்டை எழுப்பிவிட்டார்கள். பார்வைக்கு இது மிக நல்லது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் மோதும் சத்தம் நெஞ்சில் கேட்கிறது. ஆனால் இரண்டே வருடத்தில் அந்த நெருக்கம் ஒரு தேசியப் பிரச்சினையாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். எனவே பத்துப் பேர் கைகோத்துச் சுவர்போல ஒரே புள்ளியில் பாய்வார்கள். 1892இல் 'பறக்கும் ஆப்பு' என்ற வியூகத்தை அமைத்துக் காட்டியதே ஹார்வர்டுதான். மண்டை ஓடு, கழுத்து, விலா எலும்பு எதுவும் மிஞ்சாது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் இறந்ததாகச் செய்தித்தாள்கள் பட்டியல் போட்டன. பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் இந்த ஆட்டமே வேண்டாம் என்றவர். கொலம்பியா பல்கலைக்கழகம் கைவிட்டது. மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் ரக்பிக்கு மாறின. அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டில் படித்தவர். அவர் மகன் அந்த வருடம் ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடி மூக்கை உடைத்துக்கொண்டான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்றார் ரூஸ்வெல்ட்.

விதிக்குழுவில் யேலின் வால்டர் கேம்ப் பெரிய தலை. அவர் சொன்ன மருந்து, களத்தை 40 அடி அகலமாக்குவது. இடம் கூடினால் கூட்டமாக மோதாமல் ஓரம் பார்த்து ஓடுவார்கள் என்பது கணக்கு. நியாயமான யோசனை. புல்வெளியும் மரக் காலரியும் இருக்கும் கல்லூரிகளுக்கு இரண்டு நாள் வேலை. ஆனால் ஹார்வர்டில் அந்த 40 அடியும் கான்கிரீட்டுக்குள் கிடக்கிறது. மூன்று லட்சம் டாலர் கொட்டி அப்போதுதான் கட்டியது. இடிக்க முடியாது, நகர்த்த முடியாது.

ஆகவே வேறு வழி பார்த்தார்கள். 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தது: ஃபார்வர்டு பாஸ். பக்கவாட்டில் கிடைக்காத இடத்தை ஆகாயத்தில் தேடிக்கொண்டார்கள். ஸ்டேடியம் ஒன்றுதான் காரணம் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. ஜான் ஹைஸ்மன் என்ற பயிற்சியாளர் அதற்குச் சில வருடம் முன்பிருந்தே இந்த விதிக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். மூன்று முயற்சிகளில் 5 கெஜம் முன்னேற வேண்டும் என்பதை 10 கெஜமாக உயர்த்தியதும் கூட்ட மோதலைக் குறைத்தது. ஆனாலும் அகலப்படுத்தும் யோசனையை இந்தக் கான்கிரீட் அடைத்துவிட்டதால் மற்ற கதவுகள் திறந்தன என்பது சரியான பேச்சுதான். எதிர்கால விரிவாக்கத்துக்கு இடம் விட்டிருந்தால் கேம்பின் யோசனை அன்றே நிறைவேறியிருக்கலாம். முப்பத்துச் சொச்சம் வருடம் நான் கோப்புகளில் எழுதிய ஒரு வரியை இந்தக் கட்டடம் அடித்துப்போட்டது. எனக்கு அது இன்னும் முழுதாக ஜீரணமாகவில்லை.

நாங்கள் போன ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். இரண்டாம் பகுதியில் ஒரு காட்சி. பந்தை வாங்கிய பையன் நான்கைந்து அடி பின்வாங்கினான். அவனைச் சுற்றி ஆறேழு பேர் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் பந்தைக் காதோரம் வைத்துக்கொண்டு, பஸ்ஸை எதிர்பார்ப்பவன் போல நின்றான். பிறகு எறிந்தான். பந்து சுழன்றுகொண்டே எங்கள் கண் மட்டத்துக்கு வந்தது, அதாவது பத்தாவது வரிசை உயரம். அரங்கமே ஒரு நொடி பேச்சை நிறுத்தியது. அந்தப் பக்கக் கோட்டுக்கு ஓரடி உள்ளே ஒருவன் ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே, இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினான். அப்படியே களத்துக்கு வெளியே சறுக்கிக்கொண்டு போய் நின்றான். கான்கிரீட் சுவர் அதற்கப்பால் கொஞ்ச தூரத்தில்தான். "தாத்தா, அவன் சுவரில் மோதியிருந்தால்?" என்று பேரன் கேட்டான். எட்டு வயதுப் பையனுக்கு 1905 புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் மெத்தை வெடித்தது. ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய காற்றடைக்கும் மெத்தை. 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது' என்று போட்டிருந்தார்கள். புஸ் என்று ஒரு சத்தம், பிறகு அவள் முகம். "இந்தக் குளிரில் கல்லில் உட்கார வைக்கத்தான் கடல் கடந்து கூட்டி வந்தீர்களா?" என்றாள். திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம் என்ற கடை, அதன் பிறகு நான்கு மின்னஞ்சலுக்கும் பதில் போடவில்லை. உங்களுக்கு என் யோசனை: பழைய கம்பளியை நான்காக மடித்து எடுத்துப் போங்கள். காற்று நம்பத் தகுந்ததல்ல. பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், தண்ணீர் கொண்டுபோகலாமா என்பதையெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை. மேல் வரிசையில் தூண் மண்டபத்தின் கீழ் உட்கார்ந்தால் மழைக்கு ஒதுங்கலாம், ஆனால் காற்று முதுகில் அடிக்கும். படிகள் செங்குத்து, மூட்டுவலிக்காரர்களுக்குக் கீழ்ப்பகுதிதான் சரி. சாப்பாட்டுக்காக யாரும் இங்கே போக வேண்டியதில்லை. ஹாட் சாக்லேட் சூடாக இருந்தது, அது போதும்.

பின்னால் செய்த மாற்றங்களைப் பொறியாளர் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அகலத்தில்தான் கை வைக்க முடியவில்லையே ஒழிய, மற்ற திசைகளில் முயன்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். 1910இல் தலைக்கு மேல் தூண் மண்டபம் ஏற்றினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கீழே உள்ள வளைவுகளும் மேலே உள்ள தூண்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல என்பது தெரிகிறது, ஆனாலும் பொருந்தியிருக்கின்றன. 1929இல் லாடத்தின் திறந்த வாயை இரும்புக் காலரியால் அடைத்து, மொத்தம் 57,166 பேர் உட்காரச் செய்தார்கள். 1951இல் அந்த இரும்பைப் பிரித்துவிட்டார்கள். இன்று அதில் பாதி அளவுக்குத்தான் இடம். எங்கள் ஆட்டத்துக்கு அந்தப் பாதியும் நிறையவில்லை. யேலோடு மோதும் நாளில்தான் நிறையுமாம், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் இங்கே. 1980களில் இருக்கைப் படிகளைப் பெரிய அளவில் செப்பனிட்டார்கள். ஆகவே நான் உட்கார்ந்தது ஜான்சன் காலத்துப் பலகை அல்ல. தொட்ட தூண் அவருடையது என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறேன். 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். இரவு விளக்கு 2007இல்தான் வந்தது. அதுவரை பகல் வெளிச்சத்திலேயே ஆடியிருக்கிறார்கள்.

ஆட்டம் தவிர வேறு கூத்துகளும் இங்கே நடந்திருக்கின்றன. 1906இல் கிரேக்க நாடகம் போட்டார்கள். 1969இல் மாணவர் வேலைநிறுத்தத்தின்போது ஆயிரக்கணக்கானோர் இங்கே கூடி வாக்கெடுத்தார்கள். 1970இல் வீடில்லாமல் அலைந்த பாஸ்டன் பேட்ரியாட்ஸ் அணிக்கு ஒரு வருடம் வாடகை வீடு. 1984 ஒலிம்பிக்கின் சில கால்பந்து ஆட்டங்கள், நம் கால்பந்து, இங்கே நடந்தன. 1982இல் யேல் ஆட்டத்தின் நடுவே களத்துப் புல்லுக்கடியிலிருந்து ஒரு பெரிய பலூன் ஊதிப்பெருகி வெடித்தது, பக்கத்து எம்.ஐ.டி. மாணவர்கள் புதைத்துவைத்த குறும்பு. என் மனைவியின் மெத்தைக்கு முன்னோடி.

ஆனால் பாஸ்டன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது 1968 நவம்பர் 23ஐத்தான். ஹார்வர்டும் யேலும் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்திருந்தன. 42 விநாடி மிச்சம். யேல் 29, ஹார்வர்டு 13. யேல் ரசிகர்கள் வெள்ளைக் கைக்குட்டை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த 42 விநாடிக்குள் ஹார்வர்டு 16 புள்ளி எடுத்து 29–29 என்று சமன் செய்தது. கடைசி இரண்டு புள்ளியும் ஒரு பாஸ்: மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஃபிராங்க் சாம்பி எறிய, பீட் வார்னி பிடித்தார். ஹார்வர்டு மாணவர் பத்திரிகை 'ஹார்வர்டு யேலை வென்றது, 29–29' என்று தலைப்புப் போட்டது. எனக்கு அந்தத் தலைப்பைவிட அந்தக் கடைசிப் பாஸ்தான் முக்கியமாகப் படுகிறது. 63 வருடத்துக்கு முன் அசைய மறுத்த கான்கிரீட்டின் தயவில் கிடைத்த விதியால், அதே கான்கிரீட்டுக்கு நடுவே, அந்தப் பந்து பறந்திருக்கிறது.

ஆட்டம் பார்க்கப் பிரியமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தப் படிகளில் ஓடுவதைப் பாஸ்டன்காரர்கள் உடற்பயிற்சியாக வைத்திருக்கிறார்கள். 37 பிரிவுகள், எல்லாவற்றையும் ஏறி இறங்கினால் 'ஒரு முழு ஸ்டேடியம்' என்று கணக்கு. பொதுமக்களை அனுமதிக்கும் நேரம் அவ்வப்போது மாறுகிறது, கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்த வாரம் ஒரு காலையில் நான் மட்டும் போனேன். நடைபாதையின் சின்னப் படியை விட்டுவிட்டு உட்காரும் பெரிய படியில் கால் வைத்து ஏறினேன். எண்ணியதில் 31 வந்தது. நான்காவது பிரிவோடு என் முழங்கால் மனுக் கொடுத்துவிட்டது. உச்சியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஒரு பெண் ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு மட்டும் அந்தக் கிண்ணம் முழுவதும் கேட்டது. நான் மறுபடியும் தூணின் தலையைப் பார்த்தேன். எங்கும் ஒரு கம்பி நுனி வெளியே இல்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்படியானால் நம் வீட்டு மாடிக் கம்பியை அறுத்துவிடலாமா?"

"அறுத்துவிட்டால் துணியை எங்கே உலர்த்துவாய்?" என்றேன்.